மாமியார் மருமகள் ஜோடிக்கு மட்டும் அனுமதி

அம்பத்தூர்
12.8.2025

அக்கா மகள் காவ்யாவுக்கு உன் தாய்மாமன் எத்திராஜ் எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா ராணியும் நானும் எத்திராஜ் சவுண்ட் சர்வீஸின் பெட்டிகளும் நல்ல நிலையில் இருக்கிறோம். முகப்பேரில் நீ மகாராணி மாதிரி இருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தைப் பார்த்து முடித்தவனே நான்தானே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் நம்பருக்கு எப்போது அடித்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "காவ்யா குளிக்கிறா மாமா" என்கிறார். காலையில் கேட்டாலும் குளியல், சாயங்காலம் கேட்டாலும் குளியல். இப்படியே போனால் செம்பரம்பாக்கம் ஏரி உன் ஒருத்திக்கே போதாது. நம் தெருக் கோடியில் இருக்கும் குப்பம்மா உங்கள் பிளாட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாளாம். அவளிடம் கொடுத்தால் பால் கவருக்குள் மடித்துக் கொண்டுபோய்த் தருகிறேன் என்றாள். தபால் இலாகா தோற்றது போ.

இப்போது விஷயம். நம் நடிகர் நந்தகோபன் வில்லனாக நடிக்கிறார்! ஆமாம், மதியம் ரெண்டரை மணித் தொடரில் குடையும் கையுமாக வந்து நான்கு தங்கைகளைக் கரையேற்றிய நம் பெரியண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு போலீஸ் தொடர் ஓடுகிறதே, அதில் ஒரே ஒரு வாரத்துக்கு விருந்தினராக வந்து வில்லத்தனம் செய்துவிட்டுப் போகிறார். செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி. இந்தச் செய்தி வந்ததிலிருந்து அம்பத்தூரே கொந்தளித்துக் கிடக்கிறது. மன்றச் செயலாளர் கஜபதி டீக்கடையில் கண்ணீர் விட்டான். "இன்னா தலிவரே, நம்ம பெரியண்ணன் போய் அட்டூழியம் பண்ணுவாரா? அவரு மூஞ்சிக்கு அது வருமா?" என்றான். "அடப்பாவி, நல்லவனா நடிக்கிறது யாருக்கும் வரும். கெட்டவனா நடிக்கத்தான்டா மூஞ்சி வேணும்" என்று ஒரு போடு போட்டேன். டீக்கடையே எழுந்து நின்று கை தட்டியது.

எனக்கும் நந்து சாருக்கும் உள்ள பழக்கம் உனக்குத் தெரியாததா? பூந்தமல்லியில் ஜவுளிக்கடை திறப்பு விழாவில் என் மைக்கில் பேசிவிட்டு, என் தோள்மேல் கை போட்டு, "எத்திராஜ், இப்படி ஒரு மைக்கை நான் எந்த நாட்டிலும் பிடித்ததில்லை" என்று சொன்ன மனிதர். அன்று ஒரே இலையில் பிரியாணி சாப்பிட்டோம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எறும்பைக் கண்டால் தாண்டி நடக்கும் பிள்ளை. வாரம் ஒரு வரியாவது எழுது.

உன் மாமா,
எத்திராஜ் (தலைவர், ந.ந. மன்றம்)


முகப்பேர்
15.8.2025

அன்புள்ள மாமா,

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். வேறு காகிதம் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். இனிமேல் என் நம்பருக்கு அடிக்காதீர்கள். அந்தப் போன் என்னிடம் இல்லை.

நன்றாக இருக்கிறேன். இன்று கீழே கொடி ஏற்றினார்கள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். எனக்கான மிட்டாயை அவர் மேலே எடுத்து வந்து கொடுத்தார்.

நந்தகோபன் சேதி எங்கள் வீட்டுக்கு உங்களுக்கு முன்பே வந்துவிட்டது. என் மாமியார் சுரேகா அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "போலீசுக்கு உதவுறதுக்காக வில்லன் மாதிரி வேஷம் போட்டிருப்பாரு, கடைசியில பாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் ஆறுதல் கேட்கவில்லை.

மாமா, ஒன்று கேட்க வேண்டும். ஜவுளிக்கடை திறந்த அன்று உங்களுக்கு ஒயர் சுற்றிக் கொடுக்க நானும் வந்திருந்தேன். நந்தகோபன் உங்களிடம் சொன்னது "சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பது மட்டும்தான். பிரியாணியை நாம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சொல்லும் விதமே எனக்குப் பிடிக்கும்.

என் கல்யாணத்துக்கு முன் செல்வகுமாரைப் பற்றி அம்மாவிடம் இரண்டு மணி நேரம் சொன்னீர்களே, அதில் நீங்கள் பார்த்தது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு?

பதில் எழுதினால் குப்பம்மா அக்காவிடம் மட்டும் கொடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம்.

காவ்யா


அம்பத்தூர்
18.8.2025

காவ்யாவுக்கு,

உன் கடிதம் படித்து எனக்கு மனசு சரியில்லை. மாமன் வாயைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாய். நீ அன்று ஒயர் சுற்றிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தாய். தோளில் கை போட்டது மறு பக்கம். அதை விடு.

மாப்பிள்ளையைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. நிரூபிக்கிறேன் என்று நேற்று ஞாயிற்றுக்கிழமை நேராகவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குத் தெரியுமோ என்னவோ. மாப்பிள்ளை கதவைத் திறந்து, "வாங்க மாமா" என்று கைப்பிடித்து உட்கார வைத்தார். அவரே காபி போட்டுக் கொண்டு வந்தார். அப்படி ஒரு காபியை நான் குடித்ததில்லை. "காவ்யா எங்கே மாப்பிள்ளை?" என்றேன். "தலைவலின்னு தூங்குறா மாமா, எழுப்ப மனசு வரல" என்றார். எழுப்ப மனசு வராத புருஷன் இந்தக் காலத்தில் யாருக்கு வாய்க்கும்? சம்பந்தியம்மா நந்து சாரைப் பற்றியே பேசினார்கள். நானும் அவரைப் பற்றி இரண்டு மூன்று உண்மைகளை எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்து தெருவில் சொன்னேன். குப்பம்மா தண்ணீர்க் குடத்தை நங்கென்று வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாத்தே, உனுக்குக் கண்ணு கீதா, இல்ல அதையும் மைக்செட்டோட வாடகைக்கு உட்டுட்டியா? ஊட்டுக்குள்ள ஆள வச்சிகினு வெளியில பூட்டு போடுறானுங்களே, அது இன்னா ஊடா, கூண்டா?" என்றாள். திருட்டுப் பயம் இருக்கும் என்றேன். "இருக்கும் இருக்கும். திருடுறது உள்ள இருக்கிறவனாச்சே" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். படிக்காதவள், அவளுக்கு என்ன தெரியும்.

கடிதத்தை இங்கேயே முடித்து மடித்துவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

உங்கள் வாசலில் என் செருப்பைக் கழற்றிய இடத்தில் மாப்பிள்ளையின் ஷூ இருந்தது. சம்பந்தியம்மாவின் செருப்பு இருந்தது. பழைய ஸ்லிப்பர் ஒன்றும் ஆண்பிள்ளை அளவில் இருந்தது. வரும் வழியெல்லாம் அதுதான் ஞாபகம்.

உன் செருப்பு எங்கே காவ்யா?

மாமா


முகப்பேர்
23.8.2025

மாமா,

நீங்கள் வந்தது தெரியும். உங்கள் குரல் உள்ளறை வரைக்கும் கேட்டது. அவர் உங்களுக்குக் கதவைத் திறப்பதற்கு முன் என்னிடம் வந்து, "நீ வெளிய வந்தா அழுவ. மாமா பயந்துடுவாரு. உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்தினார். நீங்கள் அந்தக் காபியைப் பாராட்டியதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் நான் பார்த்த வேலையை விட்டுவிடச் சொன்னார். விட்டேன். ஒருநாள் கேட்காமல் கடைக்குப் போய்விட்டு வந்தேன். மறுநாள் காலையில் செருப்பு இல்லை. "வீட்டுக்குள்ளதானே இருக்க, எதுக்கு?" என்றார். அதன் பிறகு போன். அதன் பிறகு கிரில் கேட்டுக்குப் பூட்டு. ஒவ்வொன்றும் சின்ன விஷயம் மாமா. எதையாவது ஒன்றைத் தனியாக எடுத்துச் சொன்னால், சொல்லுகிற எனக்கே அற்பமாகத்தான் இருக்கும். அவர் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. ஒருநாள் பூட்டு மறந்து கீழ்ப்படி வரைக்கும் வெறுங்காலோடு இறங்கிவிட்டேன். வாட்ச்மேன் ரொம்ப மரியாதையாக, "சார் சொல்லியிருக்காரும்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு" என்று திருப்பி மேலே கூட்டி வந்தார்.

அம்மா ஆடிக்கு வந்தபோது சொன்னேன். "உன் மாமா அவ்ளோ சொல்லிக் கட்டிவச்ச புள்ள, நீதான் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும்" என்றாள். அதனால்தான் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீங்கள் சேர்த்துச் சொன்னதெல்லாம் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

கோபப்பட்டு ஆட்களோடு வந்துவிடாதீர்கள். ஆயுத பூஜை முடிந்ததும் புனேவுக்கு மாற்றல் வாங்கியிருக்கிறார். நீங்கள் வந்து சத்தம் போட்டால் அதற்கு முன்பே கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அங்கே குப்பம்மா அக்கா கிடையாது. பால் கவர் கிடையாது.

ஒரே ஒரு தடவை, பூட்டுக்கு வெளியே, கூட்டம் இருக்கிற ஒரு இடத்தில் நான் நின்றால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

ஒரு பொய் சொல்லுங்கள் மாமா. இதுவரை சொன்னதிலேயே பெரியதாக.

காவ்யா


அம்பத்தூர்
1.9.2025

காவ்யா கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து உன் அம்மா கஷாயம் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் எழுந்தேன். பொய்யா கேட்டாய்? உன் மாமன் கடலையே கொண்டுவந்து உங்கள் மூன்றாவது மாடியில் ஊற்றியிருக்கிறேன். இத்துடன் இருக்கும் நோட்டீசைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு:

"நடிகர் நந்தகோபன் ரசிகர் நற்பணி மன்றம், அம்பத்தூர். பெரியண்ணன் வில்லனாக வரும் தொடரைக் கல்யாண மண்டபத்தில் பெரிய திரையில் காண அரிய வாய்ப்பு. 21.9.2025 ஞாயிறு மாலை. மாமியார் மருமகள் ஜோடிக்கு மட்டும் அனுமதி. ஆண்களுக்கு அனுமதி இல்லை. சிறந்த ஜோடிக்கு அண்ணன் கையால் பட்டுப்புடவை."

இப்படி ஒரு நிபந்தனை எந்த மூளைக்காவது எட்டுமா? மண்டபத்துக்காரர் மகளுக்கு வரும் தையில் கல்யாணம். மைக்செட் என் பொறுப்பு என்று சொல்லி இடத்தை வாங்கிவிட்டேன். நோட்டீசை உங்கள் ஒரு வீட்டுக்காகத்தான் அடித்தேன். குப்பம்மா அதை உங்கள் கதவிடுக்கில் சொருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "இன்னாம்மா இது, ஏதோ காயிதம் கீது" என்று சம்பந்தியம்மாவிடம் அவளே எடுத்துக் கொடுத்தாளாம். என்னைவிடப் பெரிய நடிகை.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. நோட்டீஸ் அடித்த அச்சகத்துப் பரந்தாமன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இப்போது கொரட்டூரிலிருந்து, ஆவடியிலிருந்து, திருமழிசையிலிருந்து எல்லாம் போன் வருகிறது. மருமகளோடு பேச்சு வார்த்தை இல்லாத மாமியார்கள் எல்லாம் சமாதானம் ஆகிறார்களாம். மாமியார் இல்லாத ஒருத்தி பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டி வரலாமா என்று கேட்டாள். கஜபதி என் எதிரே வந்து நின்று, "தலிவரே, நெசமா சொல்லு, நந்து சார் வர்றாரா?" என்றான். "நேத்துதான்டா பேசினேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் வரவேற்புக்கு முப்பது அடி பேனர் சொல்லிவிட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜனம் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறது. தெருவில் நடக்கவே வழியில்லை.

மாப்பிள்ளை நேற்று போன் செய்தார். "அம்மா மட்டும் வரலாமா மாமா? காவ்யாவுக்கு உடம்பு முடியல" என்றார். "மாப்பிள்ளை, இது நானா வச்ச கண்டிஷன்? நந்து சார் வச்சது. மருமக இல்லாத மாமியார வாசல்லயே நிறுத்திடுவாங்க. அப்புறம் சம்பந்தியம்மா மனசு கஷ்டப்படும்" என்றேன். "பாக்குறேன் மாமா" என்று போனை வைத்துவிட்டார்.

தைரியமாக இரு.

மாமா


முகப்பேர்
12.9.2025

மாமா,

உங்கள் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அத்தைக்கும் அவருக்கும் யுத்தம். அவர் வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னார். அத்தை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "பத்து வருஷமா தினமும் ரெண்டரை மணிக்கு அந்த மனுஷனோடதான் உக்காந்து சாப்பிடுறேன். பெத்த புள்ள நீ என்னிக்காவது ஒருநாள் என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கியா?" என்றார். முதல் முறையாக அத்தையைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அத்தையும் தனியாக எங்கேயும் போவதில்லை. பூட்டு அவருக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. அது அவருக்குத் தெரியாது.

நேற்று உங்கள் மாப்பிள்ளை சம்மதித்தார். ஆனால் அவரே காரில் கொண்டுவந்து விடுவார், மண்டபத்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் கூட்டி வருவார். ஆபீஸிலிருந்து வரும்போது மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். "ஒரே வாசல்தான், பயமில்ல" என்று அத்தையிடம் சொன்னார்.

எனக்குப் புதுப்புடவை எடுத்திருக்கிறார்கள். செருப்பு கேட்டேன். "கார்லதானே போறோம்" என்றார் அத்தை.

ஒரே வாசல்தானா மாமா? நான் அம்மா வீட்டுக்கு வர முடியாது. அவள் காபி போட்டுக் கொடுத்து என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஆவடியில் என்னோடு வேலை பார்த்த சுவேதா இருக்கிறாள். குப்பம்மா அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுவேதா சரி என்றாளாம்.

இந்தத் தடவை கதையாக எழுதாதீர்கள். எந்தக் கதவு, அதை மட்டும் எழுதுங்கள்.

காவ்யா


அம்பத்தூர்
17.9.2025

காவ்யா,

மேடைக்கு இடது பக்கம் சமையல்கட்டு. அதற்குள் போனால் பின்கதவு ஒன்று சந்துப் பக்கம் திறக்கும். அந்தக் கதவின் வெளிப்பக்கம் என் ஸ்பீக்கர் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் மாப்பிள்ளை கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிகள் உள்ளே போய்விடும், கதவு திறந்திருக்கும். குப்பம்மா அங்கே டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள். சந்து முனையில் அவள் தம்பி ஆட்டோவில் இருப்பான். படம் ஆரம்பிக்கும்போது நான் மைக்கில் "அமைதி" என்று சொல்லி விளக்கை அணைப்பேன். அப்போது எழுந்துகொள்.

இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

மாமா


அம்பத்தூர்
23.9.2025

காவ்யா கண்ணுக்கு,

என் போனுக்கு மாப்பிள்ளை விடாமல் அடிக்கிறார், அதனால் இதையும் குப்பம்மா கையில்தான் கொடுக்கிறேன். நீ பாதியில் போய்விட்டாய். மீதியை நான் சொல்லாமல் யார் சொல்வது?

கூட்டம் ஐயாயிரம் பேர். சரி, நானூறு. கழுத்து நகையும் மல்லிகைப்பூவுமாக ஜோடி ஜோடியாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கஜபதியின் பேனரில் நந்து சார் முப்பது அடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே நாற்காலி போட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். போகிற வருகிற பெண்களெல்லாம் "யாருப்பா இந்தத் தங்கமான புள்ள, அம்மாவையும் பொண்டாட்டியையும் கூட்டியாந்து விட்டுட்டு வெயில்ல காத்துகினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களை முன் வரிசைக்குத்தான் அழைத்தேன். சம்பந்தியம்மா புதுச்செருப்பு தொலைந்துவிடும் என்று பயந்து சமையல்கட்டு ஓரமாகக் கழற்றி வைத்து, "நீ இங்கயே உக்காந்து என் செருப்பப் பாத்துக்கோ" என்று உன்னை அதன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவர்கள் மட்டும் முன்னால் போனார்களே, அப்போதே எனக்குத் தெரியும், கடவுள் நம் மன்றத்தில் சேர்ந்துவிட்டார் என்று.

"அமைதி" என்றேன். விளக்கை அணைத்தேன். உன் பக்கம் பார்க்கக் கூடாது என்று திரையையே பார்த்தேன்.

நந்து சார் வந்தார். அதே குடை, அதே சிரிப்பு. ஒரு பெண்ணைப் புறநகரில் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார். அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கிறார். "பாவம், எவ்ளோ மரியாதையா குடுக்கிறாரு பாரு" என்றாள் ஒருத்தி. அந்தப் பெண் காபியைத் தட்டிவிட்டாள். மண்டபம் முழுக்க "உச்" கொட்டியது. "திமிரப் பாரு" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பெண் ஜன்னலை உடைக்கும்போது சம்பந்தியம்மா எழுந்தே நின்றுவிட்டார்கள். "அவர விட்டுட்டுப் போறாளே, அவரு எதுக்கு அப்பிடிச் செஞ்சாருன்னு கேட்டாளா?" என்று அழுதார்கள். நானூறு பெண்களில் ஒருத்திகூட அந்தப் பெண் பக்கம் இல்லை காவ்யா. தெரிந்த முகம் என்றால் இப்படியா? நானும் பத்து வருஷமாகத் தலைவர். என் மன்றத்தைப் பார்த்து எனக்கே முதல் தடவையாகப் பயம் வந்தது.

அப்போது திரும்பிப் பார்த்தேன். நீ உட்கார்ந்த இடம் காலி.

படம் முடிந்து விளக்குப் போட்டேன். எல்லோரும் "அண்ணன் எங்கே, பட்டுப்புடவை எங்கே" என்று மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் சம்பந்தியம்மா சமையல்கட்டு ஓரம் போய் நின்று, குனிந்து, தேடி, பதறிப்போய்க் கத்தினார்கள்: "என் செருப்பு! என் செருப்பு எங்க?" அங்கே ஒரு பெண்ணையும்தான் உட்கார வைத்திருந்தோம் என்பது ஞாபகம் வர அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குப் பிறகு நான் ஜெனரேட்டர் அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே மாமியார்களும் மருமகள்களும் ஒன்றாகச் சேர்ந்து கதவை இடித்தார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை அம்பத்தூர் பார்த்ததில்லை. கஜபதி என் தலைவர் பதவியைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பறித்துவிட்டான். புழுக்கம், டீசல் நாற்றம், இருட்டு. தாழ்ப்பாள் என் கையில்தான் இருந்தது. அப்படியும் எனக்கு மூச்சு முட்டியது. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. உட்கார்ந்து, கண் கலங்கி, "நான் என்ன குறை வச்சேன் அத்தை?" என்றார். உன் அம்மா வழக்கம் போல் காபி போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். இவள் நீ இருக்கும் இடத்தை என்னைக் கேட்டுச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா செருப்ப மாட்டிக்கிட்டு ஓடியிருக்கா அத்தை, திருட்டுத்தனமா" என்றார்.

உன் அம்மா அப்படியே நின்றாள். "ஏன் மாப்பிள்ள, அவ செருப்பு இன்னா ஆச்சு?" என்றாள்.

"வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு எதுக்கு அத்தை செருப்பு?"

ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். உன் அம்மா கிட்டே வந்து, பாதி காபியோடு டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் விரல் இன்னும் டம்ளரைப் பிடித்த மாதிரியே இருந்தது. "கெளம்பு" என்றாள். நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ வசனம் பேசிக் கேட்டிருக்கிறேன்.

இதை நான் டீக்கடையில் சொல்லவில்லை. சொன்னால் கொஞ்சம் சேர்த்துவிடுவேன். இதில் சேர்க்க எனக்கு இஷ்டமில்லை.

மாமா
(தலைவர் என்று போட இப்போது வழியில்லை)


ஆவடி
27.9.2025

அன்புள்ள மாமா,

இது கோடு போட்ட தாள். கடையில் போய் நானே வாங்கினேன்.

மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டேன். என் இஷ்டப்படிதான் வந்தேன், என்னைத் தேட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கே இருந்த போலீஸ் அம்மா, "அடிச்சாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். செருப்பில் ஆரம்பித்தேன். பாதியில் அவர் பேனாவை எடுத்தார்.

சுவேதாவின் அறை சின்னது. ரயில் போகும்போது பாத்திரமெல்லாம் ஆடும். வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. கதவுப் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவர் இங்கேயும் வருவார், சிரித்துக்கொண்டே வருவார், தெருவில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப் போகும் என்று தோன்றுகிறது. எனக்கு இன்னும் முழுதாக வெளியே வந்த மாதிரி இல்லை மாமா. அது மெதுவாகத்தான் வரும் போலிருக்கிறது.

அம்மாவை அழைத்து வாருங்கள். அவளிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டாளே, போதும்.

அந்தத் தொடரில் கடைசியில் அந்தப் பெண் தப்பித்தாளா என்று நான் பார்க்கவில்லை. தயவு செய்து நீங்கள் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் அவள் ஹெலிகாப்டரில் போயிருப்பாள். நான் தெரியாமலே இருந்துவிடுகிறேன்.

அத்தையின் செருப்பைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக் குப்பம்மா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். முன்பு போலவே கதவோரம் வைத்துவிடச் சொன்னேன். அத்தைக்கு வெளியே போக அது ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு அது ஒரு அளவு பெரிது. அன்று சந்தில் ஓடும்போது இரண்டு தடவை கழன்று விழுந்தது. இரண்டு தடவையும் நின்று, திரும்பி வந்து, போட்டுக்கொண்டுதான் ஓடினேன்.

எனக்கு என் அளவில் ஒன்று வாங்கிவிட்டேன். புதுசு, குதிகாலில் கடிக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, அது வாசலில் நனைகிறது. எடுத்து உள்ளே வைக்கப் போகிறேன்.

காவ்யா